கோர் நகர்ந்தால்

“குதி!” என்றாள் ஜெர்சி.

பெட்டியின் மேல் இடது காலில் நின்றிருந்த மாரிசெல்வி குதித்தாள். தரையில் கால் பட்டதுமே உடம்பு இடப்பக்கம் சரிந்தது. முட்டி உள்பக்கம் மடங்கியது.

அணியின் பிசியோ ஜெர்சி, கைபேசியில் எடுத்ததைக் காட்டினாள். “பாத்தியா? முட்டி உள்ள போய்க்கினு கீது. முத்துச்செல்வியும் இப்பிடித்தான் இறங்கும். ஜவ்வு கிழிஞ்சிடுச்சு.”

ஒரகடம் தொழிற்சாலையின் மகளிர் கபடி அணியில் முதல் ரைடராக இருந்தவள் முத்துச்செல்வி. போன வருடம் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போனவளை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறியவள்தான். அந்த இடத்தில் இப்போது மாரிசெல்வி. இறுதிப் போட்டிக்கு ஆறு வாரம். ஜெயித்தால் அணி முழுக்க பெர்மனன்ட். முட்டி போனால் அதே கோவில்பட்டி பஸ்.

“எனக்கு என்னக்கா குறை?”

“கோர் வீக்.”

சுரீரென்றது மாரிசெல்விக்கு. “எவன் சொன்னான்? நேத்து ஷிப்ட்ல தொண்ணூறு கோர் போட்டிருக்கேன். ஒண்ணு உடையலியே! சூப்பர்வைசர் வத்தி வச்சிட்டாராக்கும்?”

ஜெர்சி விழித்தாள். பக்கத்தில் நின்ற கோச் பாண்டுரங்கனுக்கோ சிரிப்பில் டீ புரையேறியது. மாரிசெல்வி வேலை பார்ப்பது வார்ப்புப் பிரிவில். இரும்புக் குழம்பு ஊற்றும் அச்சுக்குள், துவாரம் விழ வேண்டிய இடத்தில் வைக்கும் மணல் கட்டிக்கு அங்கே கோர் என்றுதான் பெயர்.

“அய்ய, உன் கோரும்மா! வயிறு, இடுப்பு, முதுகு. அது கெட்டியா நிக்கலன்னா மேல்பாரம் மொத்தம் முட்டில வுயும்.”

மாரிசெல்வி கைபேசியை வாங்கி மறுபடி பார்த்தாள். முகம் மாறியது.

“கோர் நகந்துட்டுன்னு சொல்லுங்க. அச்சுக்குள்ள கோர் நகந்தா ஒருபக்கச் சுவரு மெலிஞ்சிரும். பாரம் ஏறுனா அங்கனதான் வெடிக்கும்.”

“அதேதான். பயிற்சி செஞ்சா ஆபத்து கொறையும். அடியே படாதுன்னு எழுதித் தர மாட்டேன்.”

“கொறைஞ்சா போதும்க்கா.”

பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டல் அறையில் முழங்கையை ஊன்றி, உடம்பைப் பலகையாக்கிக் கிடந்தாள். ஒருக்களித்துக் கிடந்தாள். ஒற்றைக் காலில் குதித்து இறங்கினாள். முதல் வாரம் இருபது நொடியில் கை கால் வெடவெடத்தது. “தரையில பல்லி!” என்று அறைத் தோழி ஐஸ்வர்யா தாண்டிப் போனாள். மாரிசெல்வி மூச்சு விட்டாளே தவிர, இடுப்பை இறக்கவில்லை.

இறுதிப் போட்டி. இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசி ரைடு.

“கபடி கபடி கபடி...”

மூலையில் நின்றவளின் தோளைத் தொட்டாள். திரும்பினாள். வலப்பக்கமிருந்து இரண்டு பேர் கைகோத்துச் சங்கிலியாகப் பாய்ந்தார்கள். ஒரே வழி, மேலே.

தாவினாள். கோத்த கைகள் பாதத்தில் உரசாமல் கீழே போயின. அந்தரத்திலேயே உடம்பு திருகிக்கொண்டது. இறங்கப் போவது இடது காலில், ஒற்றையாக. முத்துச்செல்வி விழுந்ததும் இப்படித்தான்.

“கோரு!” என்று ஜெர்சி அலறினாள்.

வயிறு கல்லாக இறுகியது. பாதம் மண்ணில் பட்டது. உடம்பு ஆடியது... சரியவில்லை. முட்டி பாதத்துக்கு நேராக மடங்கி, தாங்கி, நின்றது. அப்படியே முன்னால் விழுந்து கையை நீட்டினாள். விரல் நடுக்கோட்டைத் தொட்டது.

விசில்!

இருபத்தெட்டு. புரண்டு மல்லாந்தவள்மேல் அணி மொத்தமும் வந்து விழுந்தது. ஜெர்சி காலருகே கிடந்தவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். முட்டியை அழுத்தினாள். மடக்கினாள்.

“எங்கனா வலிக்குதா? சொல்லேன்டி!”

மாரிசெல்வி கிடந்தபடியே சிரித்தாள்.

“வலிக்குது. மொதல்ல என் வயித்துல உக்காந்துருக்க நம்ம கேப்டனை எந்திரிக்கச் சொல்லுங்க.”