ஏழாம் படியின் ஈரம்

காலை ஒன்பது மணிக்கே ரோனா கெட்டிஸுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கையுறை இல்லாமல் ஸ்டீயரிங்கைத் தொட முடியாத அக்டோபர்க் குளிரிலும் வேர்த்தது. பக்கத்து இருக்கையில் இன்னஸ் ஃபார்குவர் ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, அது நனைந்துவிடாதபடி தேநீரைத் தள்ளிப் பிடித்தபடி குடித்துக்கொண்டிருந்தார்.

இன்னஸ் நாட்டார் கதைகளைச் சேகரிக்கும் ஒரு காப்பகத்திலிருந்து வந்தவர். டான் ஆற்றை ஒட்டிய மூன்று கோட்டைகளின் பேய்க்கதைகளை ஒரே சனிக்கிழமையில் பதிவு செய்ய வேண்டும், வழி தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் நலம் என்று ரோனாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவள் கில்டாரன் கோட்டையில் வார இறுதிகளில் ஊதியமில்லாமல் வழிகாட்டியாக இருப்பவள். மறுக்கத் தகுந்த காரணம் எதுவும் கிடைக்காததால் ஒப்புக்கொண்டாள்.

அக்கடிதத்தின் கடைசி வரிதான் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. "கில்டாரனின் ஈரப் பணிப்பெண் கதையைத் தங்கள் வாயால், அந்தப் படிக்கட்டிலேயே கேட்க விரும்புகிறேன். தங்களுக்கு அதைச் சொன்னவர் காலஞ்சென்ற தங்கள் தந்தையார் என்று அறிந்து மகிழ்ந்தேன்."

தந்தையார் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. மூன்று கோடைகளுக்கு முன்பு, மழையில் நனைந்து அலுத்துப்போன ஒரு பேருந்துக் கூட்டம் கில்டாரனின் சுழல் படிக்கட்டில் நின்று, இங்கே ஒரு பேய்கூட இல்லையா என்று கேட்டது. எல்லாக் கோட்டைக்கும் ஒரு பேய் இருந்தது; கில்டாரனுக்கு மட்டும் இல்லை. ரோனாவின் பார்வை ஏழாம் படியில் தேங்கிய ஈரத்தின் மேல் விழுந்தது. வாய் தானாகப் பேசிவிட்டது: இங்கே வேலை செய்த ஒரு சலவைப் பணிப்பெண் ஈரத் துணிக்கூடையோடு மேலே ஏறினாள், இறங்கவே இல்லை. யார் சொன்னது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கதையை அந்தப் பக்கத்தில் எவரும் கதையாக மதிப்பதில்லை. "எங்க அப்பா" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா ஆண்ட்ரூ கெட்டிஸ் கூரைக்குக் கற்பலகை வேய்பவர், தேவாலயத்தின் மூப்பர், தாம் பிடித்த மீனின் நீளத்தைக்கூடக் குறைத்தே சொல்பவர். அந்தப் படியைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மேல ஈயத்தகடு போயிடுச்சு, தண்ணி இறங்குது." காப்பகத்தில் இன்று ஏறப்போவது அவருடைய பெயர். அழிக்க முடியாத இடத்தில், அவர் சொல்லாத ஒரு பொய்யோடு.

"மெதுவா, ரோனா. அந்தக் காட்டுக்கோழிக்கு உயிர் மேல ஆசையே கிடையாது போலிருக்கு" என்றார் இன்னஸ்.

அவள் பிரேக்கை மிதித்தாள். கோழி நிதானமாகச் சாலையைக் கடந்தது.

முதல் கோட்டை பால்மோரி. அங்கே டூகல் என்னும் வழிகாட்டி, கதவு அடைக்கப்பட்ட சுவருக்குள் நடந்து மறையும் பச்சை உடுப்புக்காரியின் கதையைச் சொன்னான்.

"பச்சை உடுப்புக்காரி இல்லாத கோட்டைக்கு யாரு டிக்கெட் வாங்குவா? எங்களுது அசல் பச்சை, மத்தவங்களுது மழையில வெளுத்துப்போன பச்சை" என்று சிரித்தான்.

இன்னஸும் சிரித்தார். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்வியில் சிரிப்பு இல்லை. "யாருகிட்ட கேட்டீங்க?"

"எங்க அத்தைகிட்ட. அவளுக்குச் சொன்னது இங்க சமையல் பண்ணின பெக்கி. பெக்கிக்கு அவ மாமியார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன்."

இன்னஸ் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி ஒரு படிவத்தில் எழுதினார். டூகல் கீழே கையொப்பமிட்டான். ரோனா அருகில் நின்று தன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது கையோடு வந்துவிட்டது.

இரண்டாவது கோட்டையான டன்எர்லிக்கில் தேநீர்க்கடை நடத்துபவர் எல்ஸ்பெத் மில்ன். எழுபது வயது. ரோனா படித்த பள்ளியில் மதிய உணவு பரிமாறியவர். ஆகவே ஐம்பத்து நான்கு வயதிலும் ரோனாவுக்கு அவர் மிஸஸ் மில்ன்தான்.

"வாடி பொண்ணே. இன்னும் சாப்பிடறதில்லையா நீ? காத்தடிச்சா கம்பத்தைப் பிடிச்சுக்கோ" என்றபடி சூடான ஸ்கோன் ரொட்டிகளை வைத்தார். டன்எர்லிக்கின் குழலூதிப் பேயைப் பற்றி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு கருவியை நோக்கிக் குனிந்தார். "ஆனா நல்ல கதை கில்டாரனோடதுதான். அந்த ஈரப் பணிப்பெண். இவ அப்பாவே எனக்குச் சொன்னாரு."

ரோனா கோப்பையைச் சாசரில் வைத்துவிட்டாள்.

"எப்போ?" என்று கேட்டார் இன்னஸ்.

"முப்பது வருஷம் இருக்கும். இதோ, இந்தக் கூரைக்குப் பலகை மாத்த வந்தாரு. இதே மேஜையில தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, 'எல்ஸ்பெத், அந்த ஏழாம் படி காயவே காயாது'ன்னாரு. அந்தக் குரல் இப்பவும் என் காதுல இருக்கு."

இன்னஸ் எழுதினார். மிஸஸ் மில்ன் தம் அழகான பள்ளிக்கூடக் கையெழுத்தில் ஒப்பமிட்டார். ரோனா பாதி கடித்த ஸ்கோனைத் தட்டிலேயே விட்டு எழுந்தாள்.

காருக்குத் திரும்பியதும் இன்னஸின் முகம் மலர்ந்திருந்தது. "இருபது வருஷ வேலையில இது ஒரு தடவை ரெண்டு தடவைதான் வாய்க்கும். ரெண்டு பேரு, தனித்தனியா, ஒரே மனுஷனைக் காட்டுறாங்க. உங்க அப்பாவோட பிறந்த வருஷம் என்ன?"

வழி ஒற்றைச் சாலை. எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே சிறு வளைவுகள் உண்டு. எதிரே எந்த வண்டியும் இல்லாதபோதும் அப்படியொரு வளைவில் காரை ஒதுக்கி நிறுத்தினாள். மரங்களுக்கு மேல் கில்டாரனின் கோபுரம் தெரிந்தது. கண்ணாடித் துடைப்பான்கள் இப்படியும் அப்படியும் போய்வந்தன. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டினால் அந்தப் படிக்கட்டு. அங்கே நின்று இன்னொரு முறை சொல்வது எளிது. எண்ணற்ற முறை சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் மிஸஸ் மில்னும் சேர்ந்தல்லவா பொய்யர் ஆவார்?

"இன்னஸ், எங்க அப்பா அதைச் சொல்லல."

"எதை?"

"அந்தக் கதையை. நான்தான் கட்டினேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி. அவர் இறந்து மூணு வருஷம் கழிச்சு."

இன்னஸ் கடிந்துகொள்வார் என்று அவள் தோள்களை ஒடுக்கிக்கொண்டாள். அவரோ மடியிலிருந்த படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ அந்தம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல. யாராவது பயணிங்க சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனா மனசறிஞ்சு பொய் சொல்றவங்க இல்ல அவங்க."

"பதிவை நான் அழிக்க முடியாது, ரோனா. சொன்னதை அழிக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்ல. நீங்க சொல்றதை அதுக்குப் பக்கத்துல வைப்பேன். யாரு படிச்சாலும் ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

அப்பாவின் பெயர் தப்பிவிடும். மிஸஸ் மில்னின் பெயர் மாட்டிக்கொள்ளும். ரோனா டன்எர்லிக்கை நோக்கிக் காரைத் திருப்பினாள். குறுகிய சாலையில் நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. ஒருமுறை பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது.

மிஸஸ் மில்ன் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன, ஸ்கோன் பத்தலையா?"

ரோனா நின்றபடியே சொன்னாள். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அஞ்சி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். துணியைப் பிடித்திருந்த மிஸஸ் மில்னின் கை மேஜையின் நடுவில் நின்றுபோயிற்று.

"அவர் இங்க வந்தாருடி" என்றார் மிஸஸ் மில்ன். "பலகை மாத்தினாரு."

"வந்தாரு. அது நிஜம்."

"தொப்பியை இங்க வச்சாரு."

"வச்சிருப்பாரு, மிஸஸ் மில்ன்."

"அப்போ நான் கேட்ட குரல் யாரோடது?"

அந்த முகத்தில் கோபம் வரும் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். கோபத்தைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். வந்தது கோபம் அல்ல. மிஸஸ் மில்ன் தம் கடையின் சுவர், அடுப்பு, ஜன்னல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவையெல்லாம் நேற்றும் அங்கேயே இருந்தனவா என்று சரிபார்ப்பவரைப் போல.

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உன் பெட்டியைத் திறப்பா" என்றார் இன்னஸிடம்.

"கட்டாயம் இல்லைங்க."

"திற."

ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மிஸஸ் மில்ன் பள்ளிப் பிள்ளையைப் போல நிமிர்ந்துகொண்டார். "நான் எல்ஸ்பெத் மில்ன். கில்டாரன் கதையை ஆண்ட்ரூ கெட்டிஸ் எனக்குச் சொன்னாருன்னு சொன்னேன். அவர் சொல்லலையாம். யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல." பிறகு இன்னஸின் பக்கம் திரும்பினார். "குரல் மட்டும் இன்னும் கேக்குது. அதையும் எழுதிக்கோ."

இன்னஸ் எழுதினார். ஆண்ட்ரூ கெட்டிஸ் என்ற பெயரின் மேல் ஒரு நேர்கோடு போட்டார். ஒரு வாரமாக அந்தக் கோட்டுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ரோனாவால், அது மிஸஸ் மில்னின் நினைவின் மேலும் சேர்ந்து விழுந்த பிறகு, அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை. துணியை எடுத்து, மிஸஸ் மில்ன் பாதியில் விட்ட மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள்.