கொசுவுக்கு வந்த மயக்கம்

ரத்தம் எடுப்பது என் வேலை. குத்தியதே தெரியவில்லை என்று நாலு பேர் சொல்லப்போய், இந்த லேபில் எனக்குக் கொசு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பசித்தவர்களுக்குப் பொறுமை இருக்காது. எனக்கும்தான் பசி, அதை யார் கேட்கிறார்கள்? நாற்காலி அவர்களுக்கு. நான் நின்றபடி குனிந்துதான் நரம்பைத் தேட வேண்டும். நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். மூன்று வாரமாக இதே கூத்து. அலமாரியைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடுவதுபோல் நின்று சமாளிப்பேன்.

வெறும் வயிற்றோடு நிற்காதே, தலை சுற்றினால் உடனே படுத்துவிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கே படுப்பது, வரிசையில் இருப்பவர்கள் மடியிலா?

விஷயத்தைச் சொன்னால் ஒரு ஸ்டூலாவது கிடைக்கும். ஆனால் சொல்ல மாட்டேன். போன வருடம் எட்டாவது வாரமே சந்தோஷம் தாங்காமல் எல்லாரிடமும் சொன்னேன். பதினோராவது வாரம் கலைந்துவிட்டது. அதன் பிறகு மாசக்கணக்கில் ஒவ்வொருவராக வந்து, எப்போது பிரசவம் என்று கேட்டார்கள். இல்லை, போய்விட்டது என்று சொல்லி, முகம் வாடியவர்களுக்கு நானே ஆறுதலும் சொல்லி அனுப்பினேன். குழந்தை ஒரு தடவைதான் போனது. நான் அதை நாற்பது தடவை சொன்னேன்.

அதனால் இந்த முறை வீட்டுக்காரரையும் டாக்டரம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. ரசீது போடுகிற அக்காவுக்குத் தெரியவே கூடாது. அவளுக்கு இங்கே ரேடியோ என்று பெயர்.

அன்றைக்கு இருபதாவது ஆளாக ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆள் மலை மாதிரி, ஊசியைக் கண்டால் நடுக்கம்.

"அந்தப் பக்கம் பாருங்கண்ணே," என்றேன்.

ரத்தம் குழாயில் ஏறும்போதே எனக்குக் காது அடைத்தது, முதுகெல்லாம் வேர்த்தது. அவர் கையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தேன். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடிங்க," என்று சொன்னது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது உள்ளறைக் கட்டிலில் கிடந்தேன். என் காலுக்கு அடியில் அக்கா கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கீழ விழாம டிரைவர் தாங்கிப் பிடிச்சுட்டாரு. பஞ்ச விட்டுட்டு புடிச்சதுல அவர் சட்டையெல்லாம் ரத்தம்," என்றாள். "எத்தனை மாசம்டி?"

"என்னக்கா?"

"மூணு பெத்தவகிட்ட மறைக்காத."

"பதினேழு வாரம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பதினொன்றைத் தாண்டிய எண்ணை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயத்தில் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"வலி ஏதாவது இருக்கா? கசிவு?"

"இல்லக்கா."

"அப்ப பயப்படாத. டாக்டரம்மா வந்து பாக்கட்டும். நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன், போதுமா?"

அவள் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே திறக்க மாட்டாள் என்றுதான் பட்டது. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நடிக்க இனி உடம்பில் தெம்பில்லை.

"வேணாம்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"சரி."

"ஒருவேள ஏதாவது ஆயிட்டா, அதையும் நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடணும். இன்னொரு தடவ என்னால முடியாதுக்கா."

அக்கா என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "சொல்றேன்," என்றாள்.