விசரி என்ற சொல்

சின்ன வயதிலிருந்தே தர்மிளா எதை மறந்தாலும் தாய் சிவனேஸ்வரியின் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "விசரி." பைத்தியக்காரி என்றுதான் அர்த்தம்; ஆனால் அதில் கோபத்தைவிடச் செல்லமே கூட. உருத்திரபுரத்தில் அரைவாசிப் பிள்ளைகள் அந்தச் சொல்லோடுதான் வளர்ந்தார்கள்.

அன்று காலை தகப்பன் விசுவமடுவில் ஒரு செத்தவீட்டுக்குப் புறப்பட்டபோது, "பிள்ளை, எங்கட மடையைத் திற. பக்கத்து வயல் அப்புத்துரையின்ர மடையை இறுக்கி அடை. அவன் நேற்றுத்தான் முளைநெல் விதைச்சவன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

இரண்டே வேலை. வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டு போனாள். இருபது வயதாகும் அவளுக்கு இந்த வருடம் முழுக்க இப்படித்தான். ஒரு சொல் உள்ளே வந்தால், முன்பிருந்தது பஸ்ஸில் இடம் விடும் பொடியனைப் போல எழுந்து போய்விடும். தங்கள் மடையைத் திறந்தாள். தண்ணீர் புரண்டபோது அதற்குள் யாரோ "தர்மி" என்று கூப்பிடுவது கேட்டது. திரும்பினாள். ஒருவரும் இல்லை. அடுத்து என்ன செய்ய வந்தோம் என்று மண்வெட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மத்தியானம் அப்புத்துரை சேற்றுக்காலோடு முற்றத்தில் நின்றார்.

"சிவனேசக்கா, வந்து பாருங்கோ! என்ர வயல் குளமாக் கிடக்கு. முளைநெல் முழுக்க மூலையில ஒதுங்கிப் போச்சு!" தர்மிளாவைக் கண்டதும் அவள் பக்கம் திரும்பினார். "எடி பிள்ளை, மடை அடைக்கவும் ரியூசன் வைக்கோணுமே? உனக்கென்ன விசரே?"

"அந்தச் சொல்லை இஞ்ச சொல்லாதேங்கோ!"

சிவனேஸ்வரி மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான் அக்கா..."

"பகிடிக்கும் வேண்டாம். விதைநெல் நாங்கள் தாறம்."

அவர் போனபிறகுதான் தர்மிளாவுக்கு உறைத்தது. அம்மா தன்னை அப்படிக் கூப்பிட்டுக் கனகாலம். நேற்றுப் பால் பொங்கி ஊற்றுண்டபோதுகூட, "பரவாயில்லை பிள்ளை" என்றுதான் சொன்னாள்.

"அம்மா, ஏன் இப்ப என்னை விசரி எண்டு ஏசிறேல்லை?"

தாய் குசினிக்குள் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள்.

"ஆளில்லாத கிணத்தடியில நீ ஆருக்கோ பதில் சொன்னதைக் கண்டனான். அதுக்குப் பிறகு அந்தச் சொல் வாயில வருகுதில்லை. சொன்னாப் பலிச்சிடுமோ எண்டு..."

தர்மிளா நிலத்தில் குந்தினாள். "தண்ணிக்குள்ள என்ர பேர் கேக்குதம்மா. ஒருத்தரும் இல்லையெண்டும் தெரியும். அது கேக்கேக்க மனசில இருக்கிறதெல்லாம் போயிடுது."

அடுத்தநாள் கிளிநொச்சியில் ஒரு டொக்டர் சில இலக்கங்களைச் சொல்லிப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். கடைசி இலக்கத்தோடு தர்மிளா நின்றுவிட்டாள்.

"இது பெரிய வருத்தமா, மனநோயா மாறலாம், மாறாமலும் விடலாம்" என்றார் அவர். "இந்த மறதி பிள்ளை கவனிக்காமல் விடுற கவலையீனம் இல்லை. ஒருநேரத்தில ஒரு வேலை மட்டும் சொல்லுங்கோ. விடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ."

திரும்பும் பஸ்ஸில் ஊர்க்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கோ? ஆருக்கு ஏலாது?"

"எனக்குத்தான். பிரஷர்" என்றாள் சிவனேஸ்வரி உடனே.

இல்லை, எனக்குத்தான் என்று சொல்ல தர்மிளா வாயைத் திறந்தாள். கொண்டக்டர் விசிலடித்தான். பஸ் குலுங்கிப் புறப்பட்டது.

"என்ன பிள்ளை, என்னவோ சொல்ல வந்தனீ?" என்று தாய் கேட்டாள்.

"மறந்து போச்சம்மா."

உண்மையாகவே மறந்துவிட்டாளா என்று தாய் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.