தாய் வரவில்லை

மகிமாவுக்குக் காது குத்த எனக்கு அதிகாரம் இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டிக் கூட்டிப் போக அதிகாரம் இல்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் 'பெற்றோர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை. ஆனால் விடியற்காலையில் நனைந்த படுக்கை விரிப்பை அலசவும், சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் விழுங்காமல் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிரே பொறுமையாக உட்கார்ந்திருக்கவும் எனக்கு முழு அதிகாரம் உண்டு.

அவளைப் பெற்றவள் சுருளியம்மாள், தேவாரத்துக்காரி. புருஷன் இல்லை. காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல், குழந்தைகள் நலக் குழு மகிமாவைச் சின்னமனூரில் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு ஒப்படைத்தது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். நோய் குணமான பிறகு தாய்க்கு மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீடு வேண்டும். நிலையான வருமானம் வேண்டும். மாதம் ஒரு முறை, இரண்டாம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, தேனி அலுவலகத்தில் அதிகாரி முன்னிலையில் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வந்தாள். ஆவணியிலிருந்து வரவில்லை.

ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குத் தலை சீவி, புதுச் சட்டை போட்டு, பஸ் பிடித்துப் போவேன். அந்த மர பெஞ்சில் ஒரு மணி வரை உட்கார்ந்திருப்போம். பிறகு அதிகாரி ஹேமாவதி மேடம் பதிவேட்டைத் திறந்து, 'தாய் வரவில்லை' என்று எழுதி என் பக்கம் நகர்த்துவார். நான் கையெழுத்துப் போடுவேன். அன்றிலிருந்து ஒரு வாரம் படுக்கை நனையும்.

"இன்னைக்கும் டிமிக்கியா?" என்பார் என் வீட்டுக்காரர் கர்ணன், மோட்டார் பழுது பார்க்கும் கடையில் கறுத்துப்போன கையோடு.

"வரமாட்டேன்னு ஒரு போன் பண்ணக் கூடாது? இந்தப் பிள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. பெத்தவளாம் பெத்தவ!" என்பேன் நான்.

இவ்வளவு கோபப்பட்ட நான்தான், திரும்பி வரும் பஸ் வீரபாண்டியைக் கடக்கும்போதெல்லாம் கௌமாரியம்மன் கோயில் பக்கம் கைகூப்பி, "தாயே, இந்தப் பிள்ளை என்கிட்டேயே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். தை மாதம் உத்தரவு முடிகிறது. தாய் வராவிட்டால் நீட்டித்துக் கொடுப்பார்கள் என்று தெரியும். ஒரு வேண்டுதலுக்குள் இன்னொரு பெண்ணின் இழப்பை வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

மார்கழி வெள்ளிக்கிழமை மேடத்துக்கு நீதிமன்ற வேலை. எங்களை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். ஐந்து வரை காத்திருந்தோம். ஐந்தாவது முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேனி பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏறக்குறைய ஆறு.

போடி பஸ் வந்து நின்றது. மகிமா என் கையை உதறினாள்.

படியிலிருந்து இறங்கியவள் சுருளியம்மாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ். விரலெல்லாம் கறை. அருகே வந்ததும் பச்சை ஏலக்காய் வாசனை அடித்தது. பிள்ளை காலைக் கட்டிக்கொண்டது. அவள் தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, தொடலாமா?"

அதிகாரி இல்லாமல் சந்திக்கக் கூடாது என்பது விதி. 'கூடாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஏலக்கா எடுக்குற நேரங்க்கா. விடிய அஞ்சு மணிக்கு ஜீப்பு. போடிமெட்டு ஏறி எஸ்டேட்டுக்குப் போகணும். ஒரு நா நின்னா என் எடத்துல வேற ஆள ஏத்திருவாக. ஞாயித்துக்கிழமைதேன் லீவு. ஞாயித்துக்கிழமை ஆபீசு பூட்டிக் கெடக்கு."

"அதுக்காக வராமயே இருந்துருவியா?"

"நாலு வெள்ளியும் இப்பிடித்தேன் வந்தேன். போடியில எறங்கி, பஸ்ஸேறி, ஆபீசு கேட்டுக்கு ஓடுவேன். 'அவுக மத்தியானமே போயிட்டாகம்மா'ன்னுருவாரு வாட்ச்மேன்."

"மேடத்துக்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அஞ்சு மணிக்கு மல ஏறுறவ பிள்ளைய எப்பிடிப் பாத்துக்குவன்னு கேட்டா என்னன்னு சொல்லுவேன்? வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கத்தேன் இந்தப் பாடு. பிள்ள வந்துட்டா இங்கனயே திராட்சத் தோட்டத்துக்குப் போயிருவேங்க்கா."

எங்கள் பஸ் வரும் வரை இருபது நிமிடம். மகிமா தாயின் கறை படிந்த விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே இருந்தாள்.

பஸ் வீரபாண்டியைக் கடந்தபோது எனக்குக் கை கூப்ப வரவில்லை. கேட்டது கிடைத்துவிடும் போலிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். கர்ணன் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இரு. அதுவா முடிஞ்சிரும்."

"அவ வராம இல்லங்க. அஞ்சு தடவையும் வந்திருக்கா."

"பிள்ள போயிருமே, அனுசுயா."

 திங்கட்கிழமை காலையில் கர்ணன் கடையைத் திறக்காமல் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பஸ்ஸுல போகாத. நான் கொண்டுபோயி விடுறேன்" என்றார். எதற்குப் போகிறேன் என்று கேட்கவில்லை.

அலுவலகத்தில் ஹேமாவதி மேடம் கோப்புகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"வெளிய வச்சு சந்திக்க விட்டீங்களா? இது உங்க மேலதான் ரிமார்க்கா வரும், தெரியுமா?"

"வரட்டும் மேடம்."

"வரலைன்னு அஞ்சு மாசம் நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"பதினோரு மணிக்கு வரல. சாயங்காலம் வந்திருக்கா. அத எழுத அந்த நோட்டுல எடம் இருக்கா?"

"விதின்னு ஒண்ணு இருக்குக்கா. ஆளாளுக்கு மாத்த முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதமாக அடக்கியது எல்லாம் வந்தது. "வருமானம் காட்டுன்னு சொல்றதும் நீங்கதேன். வருமானத்த விட்டுட்டு வெள்ளிக்கிழமை வந்து நில்லுன்னு சொல்றதும் நீங்கதேன். அவ எதைத்தேன் செய்வா? வாசல்ல இருக்குற வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சது உள்ள இருக்குற உங்களுக்குத் தெரியல. அவர யாரும் கேக்கவும் இல்ல."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மேடம் டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் என் பிள்ளைங்களோட இருக்கேன், அக்கா" என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தேவாரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் இருக்கு?" என்று கேட்டார்.

"மேடம்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டைப் பாத்து அறிக்கை எழுதறேன். குழு ஏத்துக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. நடந்ததை நீங்களும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். பெரிய வரங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வேலை மிகுந்த ஒரு பெண் தன் ஒரே விடுமுறையில் பாதியைக் கொடுப்பதை என்னால் நம்ப முடிகிறது. தெய்வம் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த அளவில்தான்.

ஆனாலும் மேடத்தோடும் பிள்ளையோடும் தேவாரத்துக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனம் நல்லபடியாக இல்லை. எதிலாவது குற்றம் கண்டுபிடிக்கத்தான் என் கண் அலைந்தது. ஒற்றை அறை, தகரக் கூரை. தரையைக் கழுவிவிட்டு ஈரம் காயாமல் இருந்தது. காசநோய் மாத்திரை முடித்த சீட்டு, வாடகை ஒப்பந்தம், ஆதார் அட்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, பூசைச் சாமான் போல மேடத்தின் முன் வைத்தாள் சுருளியம்மாள். மேடம் முழங்காலில் கோப்பை வைத்து எழுதினார். மகிமா உள்ளே போனவள், தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். விருந்தாளியைப் பார்ப்பது போல.

"அக்கா" என்றாள் சுருளியம்மாள் மெதுவாக. "இப்ப எப்பிடித் தூங்குறா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பழசு."

மேடத்தின் பேனா நின்றது.

எல்லாரையும் போலத்தான் தூங்குவாள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் நாக்கு வந்தது. நான் கண்விழித்துக் கற்றுக்கொண்டது. அதை ஏன் கொடுக்க வேண்டும்? பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"செவுத்து ஓரமாப் படுக்கப் போடு" என்றேன். "வெளிச்சம் ஒண்ணு எரியணும். இடி இடிச்சா ரெண்டு காதையும் பொத்தி விடு. ஒண்ணும் பேசாத, பேசினா அழுவா. சிக்கு வலப்பக்கம் விழும், எண்ணெ வச்சுட்டுத்தேன் சீவணும்."

அவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா அக்கா?"

"நெறைய இருக்கு" என்றேன். "இங்கன வந்து உக்காரு."