ஐந்தரைக் கட்டை அம்சா

அம்சாவின் குரலுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். தயிர் தொடமாட்டாள், அதனால்தான் என்றார்கள். பனங்கற்கண்டு என்றார்கள். அம்மன் கடாட்சம் என்றவர்களும் உண்டு. அம்சா எதையும் மறுத்ததில்லை. தயிரை மட்டும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டாலும் ராணி வேஷம் அவளுக்குத்தான். முதல் பாட்டில் பிடித்த ஐந்தரைக் கட்டைச் சுருதியை, பிள்ளையைத் தொலைத்துவிட்டு ராணி அழும் கடைசிப் பாட்டிலும் பிசிறில்லாமல் பிடிப்பாள் என்று பேர். பேனரிலேயே 'ஐந்தரைக் கட்டை அம்சா' என்றுதான் போடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட குரல் இந்த வருஷம் எங்கே போனாலும் கடைசிப் பாட்டில் உடைந்தது. நாடகச் செட்டின் முதலாளி வரதராஜன் நாசூக்கு தெரியாத மனுஷர். "அடுத்து கூரம் திருவிழாவுல சரியா பாடலைன்னா ராணி வேஷம் தோழியா வர்ற பிரவீனாவுக்குப் போயிடும். வருத்தப்படாதம்மா," என்று டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வருத்தப்படாமல் வேறென்ன செய்வதாம்? அம்சா மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் மென்று பார்த்தாள். தயிரை நிஜமாகவே விட்டாள். ஒன்றும் எடுபடவில்லை.

உண்மையை உடைத்தவன் பாலாஜி. ஆர்மோனியக்காரர் முனிரத்தினம் செட்டை விட்டுப் போன பிறகு கீபோர்டோடு வந்து சேர்ந்தவன். ஒத்திகையில் கடைசிப் பாட்டைப் பழகிக்கொள்ள, செல்போனில் போன வருஷத்து வீடியோவைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தான்.

"யக்கா, இது நாலரைல இருக்குதுக்கா. முதல் பாட்டு அஞ்சரை. நடுவுல அஞ்சு. பெரியவரு கட்டைய இறக்கிக்கினே வந்துக்கிறாரு."

"போன் ரிப்பேரா இருக்கும்," என்றாள் அம்சா.

"போன் ரிப்பேர்னா எல்லாப் பாட்டும்தானக்கா இறங்கணும்?"

அவளுக்குத் திக்கென்றது. முனிரத்தினத்தைச் செட்டை விட்டுத் துரத்தியது யார்? சாட்சாத் அவளேதான். 'கடைசிப் பாட்டுல ஆர்மோனியம் மந்தமா கேக்குது, அண்ணனுக்குக் கை போயிடுச்சு' என்று வரதராஜனிடம் வத்தி வைத்தாள். ஆர்மோனியப் பெட்டியின் சத்தம் இறங்கியது அவள் காதுக்குத் தெரிந்தது. கூடவே தன் தொண்டையும் சுகமாக இறங்கி வந்தது மட்டும் மகாராணிக்குத் தெரியவில்லை!

மறுநாளே பிள்ளையார்பாளையம் போனாள். முனிரத்தினம் மகன் வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கோபமே காட்டவில்லை, அதுதான் அவளைச் சுட்டது.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துக்குவ. பயந்துக்கினு பாடினா தொண்டை இறுகும். இறுகின குரல்ல சுத்தம் எங்கிருந்து வரும்? நீ களைச்சா நான் இறக்குவேன், அவ்ளோதான்மா."

"திரும்பி வந்துடுண்ணே. முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"நான் வந்தா அந்தப் பையன் எங்க போவான்? ஒருத்தன் சோத்துல மண்ணு விழுந்தது போதும்மா."

அம்சா எழுந்தாள். வாசல்வரை கூட வந்தவர், "அவனுக்கு உன் தொண்டை தெரியாது. நீயே வாயத் திறந்து கேளு, இறக்குவான்," என்றார்.

கேட்டாளா? கூரத்தில் பகல் நாடகத்துக்கு முன்னால் பாலாஜியிடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். எதிரே அந்தப் பேனர் கட்டியிருந்தது, வீம்பு விடவில்லை. ஐந்தரையிலேயே ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்து கடைசிப் பாட்டு வந்தது. முதல் அடியிலேயே குரல் கீச்சென்று உடைந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். மேடை ஓரத்தில் பிரவீனா தலையை நீட்டினாள்.

அம்சா பாட்டை நிறுத்தினாள். திரும்பினாள். "ஒரு கட்டை இறக்குப்பா பாலாஜி. எனக்கு எட்டல." மைக்கில் அது ஊருக்கே கேட்டது.

"அஞ்சரைக் கட்டை என்னா ஆச்சு?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"அது முனிரத்தினம் அண்ணன் போட்ட பிச்சை. எனக்கே இப்பதான் தெரியும்," என்றாள்.

பிறகு பாடினாள். குரல் வந்தது. சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "தயிர் தொடமாட்டா இல்ல, அதான்," என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ராணி வேஷம் உனக்குத்தான், பேனரைத்தான் மாற்ற வேண்டும் என்றார் வரதராஜன். அம்சா தலையாட்டிவிட்டு, வேஷம் கலைக்காமலே முனிரத்தினத்துக்குப் போன் போட்டாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேண்ணே. எல்லார் எதிர்லயும்."

"குரல் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்: "பொட்டி மந்தமா கேட்டுச்சா?"

அம்சா வத்தி வைத்தபோது சொன்ன அதே வார்த்தை. முகத்துப் பவுடரெல்லாம் கரைய அழுதாள்.