சேப்பங்கிழங்குப் பாத்தியில் ஒரு ராத்திரி ரயில்

செப்டம்பர் 24. நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை. புழுவின் தலை என்று நான் குறித்த பக்கம் தலை அல்ல. இரண்டு நாளாக நான் இலை ஊட்டியது அதன் பின்புறத்துக்கு.

இதை எழுதிவிட்டு சிஹாரு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். கொம்பு இருக்கும் பக்கம்தான் முகம் என்று யாருக்குத்தான் தோன்றாது? அதுவும் கொம்பு ஆடிக்கொண்டே இருந்தால்? ஆனாலும் பூச்சிகளைப் பற்றிய மாலை வகுப்பில் சேர்ந்த ஒருத்தி இப்படிச் செய்திருக்கக் கூடாது. போன வகுப்பில்தான் காக்காய் எச்சத்தைப் புழு என்று எழுந்து நின்று அறிவித்திருந்தாள். நாளைய வகுப்பிலாவது ஒரு சரியான பெயரைச் சொல்லியாக வேண்டும்.

புழு கிடைத்தது பொதுத் தோட்டத்தில், அவளுடைய காசித்தும்பைச் செடியில். விரல் நீளம், கறுப்பு உடம்பு, இரு பக்கமும் வரிசையாக மஞ்சள் வட்டங்கள். பக்கத்துப் பாத்தி நுமாதாவுடையது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருவே ஆற்றங்கரையில் கூடிச் சேப்பங்கிழங்குக் குழம்பு காய்ச்சப்போகிறது, கிழங்கு அவருடையது. சில நாளாக அவர் சேம்பு இலைகளில் ஓட்டை.

"பேரு தெரியிற வரைக்கும் விட்டு வைக்கிறேன். என் இலைதான் இவன் சாப்பாடுன்னு தெரிஞ்சா பூட்ஸுக்கு வேலை வந்துடும்" என்று சொல்லியிருந்தார்.

எதைத் தின்கிறது என்று தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி என்பது வகுப்பு ஆசிரியரின் பாடம். அன்று மாலை சிஹாரு புழுவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பாத்திகளுக்கு நடுவே தரையில் விட்டாள். நுமாதா வந்து நின்றார்.

"இந்தத் தடவை தலை எதுன்னு தெரியுமா?"

"தெரியும், நுமாதா-சான். நடக்கிற பக்கம்."

"நேத்தும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே. பாவம், அவன் பின்னாடி போய் விருந்து வெச்சிருக்கே!"

முதலில் வைத்த காசித்தும்பை இலையைப் புழு திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தது சேம்பு இலை. நுமாதா ஒரு பூட்ஸைத் தூக்கினார். தின்னாதே, தின்னாதே என்று சிஹாரு மனதுக்குள் கெஞ்சினாள். தன் சோதனை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மாணவி வகுப்பிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

புழு இலை மேல் ஏறியது, இறங்கியது, நேராக அவர் பாத்தியை நோக்கி நடந்தது. அடிக்கு அடி வால்கொம்பு இப்படியும் அப்படியும் ஆடியது. இருட்டத் தொடங்கியிருந்தது.

நுமாதா குனிந்தார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. "ஏம்மா, ஜன்னல்ல எல்லாம் விளக்கு எரியுது! கடைசிப் பெட்டியில கார்டு கொடி காட்டுறான் பாரு!"

வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் அவரையும் அறியாமல் கை நீண்டது, ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது. "பாதை சரி! புறப்பாடு சரி!" என்று இஞ்சின் அறைக் குரலில் முழங்கினார். அடுத்த பாத்திக்காரர்கள் மண்வெட்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். புழு சேம்பின் அடியில் மண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டது. தலையால்தான் துளைத்தது, இந்த முறை சந்தேகமே இல்லை.

சிஹாரு அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். வளர்ந்து முடிந்ததும் தின்பதை நிறுத்திவிட்டு, கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள் போகும். பெயர் செசுஜி-சுசுமே, ஒரு வகை அந்துப்பூச்சி. உணவு: காசித்தும்பை... அடுத்த சொல்லை அவள் கட்டைவிரலால் மறைத்தாள்.

"விரலை எடு."

எடுத்தாள். நுமாதா படித்தார். "அப்போ ஓட்டை போட்டது இவன்தான்."

"ஆமா. இவன் கூட்டம்தான். மன்னிச்சுடுங்க."

அவர் மண்ணைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். "ஷெட்டுக்குப் போன வண்டியை நான் இடிச்சதா சரித்திரமே கிடையாது. ஆனா அவன் தின்னதுக்கு நீதான் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை அத்தனை கிழங்குக்கும் தோல் சீவுறே."

"கை அரிக்குமே!"

"நல்லா அரிக்கட்டும்."

அன்றிரவு அவள் எழுதினாள்: நாளைய வேலை. வகுப்புக்குப் போகும் முன் புழு இறங்கிய இடத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்ட வேண்டும். கிழங்கை மறுகோடியிலிருந்து தோண்டும்படி நுமாதா-சானிடம் சொல்ல வேண்டும்.