முப்பத்தெட்டாவது ஷட்டர்

கப்பலூர்ப் பட்டறைக்காரர் சங்கத்துக்கு முப்பத்தெட்டு வெப்சைட்டுகள், உறுப்பினருக்கு ஒன்றாக. பதினோரு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் வெப்சைட் பில்டர் என்கிற ஆன்லைன் சேவை ஒன்றில் அத்தனையையும் கட்டிக் கொடுத்துவிட்டுத் துபாய்க்குப் பறந்துவிட்டான். இப்போது அந்தப் பில்டரையே கம்பெனிக்காரன் இழுத்து மூடுகிறான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எல்லாம் புது பில்டருக்குப் போயாக வேண்டும். போகாதது அழிந்துவிடும்.

அந்தக் குடிமாற்றும் வேலை சனோபர் தலையில். காஜிமார் தெருவிலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவள். சங்க ஆபீஸில் சேர்ந்து மூன்று மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "முப்பத்தெட்டும் நல்லபடியாப் போய்ச் சேரட்டும், ஆர்டரை அன்னைக்கே கையில தாரேன்" என்று சங்கச் செயலாளர் ஜனகராஜ் சொல்லியிருந்தார். அம்மா அஜ்மல் பீவியோ, வராத ஆர்டரைத் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

முப்பத்தேழு போய்விட்டன. ஒவ்வொரு முதலாளியும் தன் செல்போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொன்னார், வேலை முடிந்தது. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதையாக, ரப்பர் வாஷர் பட்டறை லலிதாம்பாள் மட்டும் அசைய மறுத்தார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு சனோபர் நேரே பட்டறைக்கே போய் நின்றாள்.

"எனக்குப் புதுசு வேணாம் தாயி."

"பழசு இன்னைக்கோட இருக்காதும்மா."

"புதுசுல தினமும் பாஸ்வேர்டு, அப்புறம் போனுக்கு நம்பருன்னு கேக்குமாம்ல. அம்புட்டையும் அடிச்சு நான் எப்பக் கடையத் தொறக்க?"

"எந்தக் கடைய?"

லலிதாம்பாள் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். திரையில் அவருடைய வெப்சைட். 'வருக வருக' என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "இந்தக் கடையத்தான். காலையில ஷட்டரத் தூக்குன கையோட இதையும் தொறந்து வச்சிருவேன். சாயங்காலம் சாத்திருவேன். கட்டிக் குடுத்த தம்பி அன்னைக்கே சொன்னாரு, தினம் ஓப்பன் பண்ணுங்கக்கான்னு. நம்ம தொறந்து வச்சாத்தானே வெளியூர்க்காரவுக பாக்க முடியும்?"

சனோபருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது, மென்று விழுங்கினாள். மணி ஐந்தே கால். விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தால் அம்மாள் கோபித்துக்கொண்டு ஒரேயடியாக மறுத்துவிடலாம். குறுக்கு வழி ஒன்று கண்முன்னால் பளிச்சென்று தெரிந்தது.

"புதுசை நானே ஆபீஸ்லருந்து தினமும் தொறந்து வச்சிர்றேன்மா. நீங்க ஒரு நம்பரும் அடிக்க வேணாம்."

லலிதாம்பாள் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நிசமாவா? எந்தங்கச்சி மீனலோசனி திங்கக்கிழமை பேரையூர்ல புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறா. நம்ம பட்டறைப் பையன் சின்னான் மெஷின் எல்லாம் ஓட்டுவான், கம்ப்யூட்டரைத் தொடச் சொன்னா கையைக் கட்டிக்குவான். கடை நாளுன்னு அவ மகன் கல்யாணத்துக்கே நான் போகல. மூணு வருசமா எங்கிட்டப் பேச மாட்டேங்குறா. இனி நீ தொறந்துக்குவேல்ல?"

சனோபருக்குச் சுருக்கென்றது. தங்கை மகன் கல்யாணத்தைத் தின்ற கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்திருந்தது. நாளைக்கு இவள் லீவு போட்டால் இந்த அம்மாள் பேரையூரிலிருந்து அரக்கப்பரக்க ஓடிவருவார். வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா, பொய் சொல்லிட்டேன். அதை யாரும் தொறக்கவே வேணாம். நீங்க சாத்துறது உங்க கண்ணுக்குத்தான். ஊருக்கு அது எப்பவும் தொறந்துதான் கெடக்கு."

அவர் நம்பவில்லை. சனோபர் பழைய பில்டரில் தினம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைத் திறந்து போன ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினாள். பட்டறைக்கு லீவு நாள். பதினேழு பேர் வந்து பார்த்திருந்தார்கள்.

லலிதாம்பாள் அந்தப் பதினேழைத் திரையில் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார். மணி ஐந்தே முக்கால்.

"அப்ப நான் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்."

"ஆமாம்மா." அதைச் சொல்லச் சனோபருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "பதினோரு வருசமா காத்துக்குக் கதவு தொறந்து விட்டுருக்கேன் பாரு. சரி, நம்பரு வருது, எழுதிக்க."

ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் முப்பத்தெட்டாவதும் குடியேறியது. ஜனகராஜ் சொன்ன சொல் தவறவில்லை. அஜ்மல் பீவி சொல்லி முடித்த தெருவுக்கே மறுபடி போய்ச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பேரையூரிலிருந்து போன் வந்தது. பின்னால் பெண்கள் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"ஏம்மா சனோபர், கடை தொறந்திருக்கா?"

தேவையில்லை என்று தெரிந்தும் சனோபர் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "தொறந்துதான்மா இருக்கு."

"நல்லது. மீனா இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னு கையப் புடிச்சுக்கிட்டா. யாராச்சும் வந்தா உக்காரச் சொல்லு, வியாழக்கிழமை வாரேன்."